ஜெர்மனில தம்பிக்கு வின்டர் டயர்: ஏமாத்தறாங்களா, நெஜமாவே வேணுமா?

கேள்வி, குடியாத்தத்துலருந்து ஒருத்தர், 8 அக்டோபர் 2024

என் தம்பி உல்ம்ல வேலைக்கு சேந்திருக்கான். போன மாசம் பழைய கோல்ஃப் ஒண்ணு வாங்கினான். டயர் நல்லாத்தான் கீது, பட்டன் எல்லாம் புதுசாட்டம். இப்ப கூட வேலை செய்றவங்க நாலையும் கழட்டிட்டு வின்டர் டயர் போடுன்னு நச்சரிக்கிறாங்களாம். ஓடற டயர கழட்டி மூலைல வெச்சிட்டு இன்னும் நாலு வாங்கறதுன்னா எனக்கு ஏமாத்து வேலையாத்தான் தெரியுது. அவன் டயர்ல எம் பிளஸ் எஸ்னு வேற போட்டிருக்காம். அது போதாதா? அங்க இருந்துட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க.

பதில், 8 அக்டோபர் 2024, ராத்திரி

ஏமாத்து வேலை இல்லபா. அதுக்குன்னு கண்ண மூடிகினு நாலு டயர் வாங்கவும் வேணாம். மொதல்ல டயர் சைடுல இன்னா படம் போட்டிருக்குன்னு பாக்க சொல்லு. எம் பிளஸ் எஸ்னு எழுத்து மட்டும் இருந்தா இப்ப செல்லாது. மூணு முகடு வெச்ச மலை, அதுக்குள்ள பனித்துகள் ஒண்ணு, இந்த மாதிரி சின்ன படம் அச்சு குத்தியிருந்தா செல்லும், தம்பி ஒரு பைசா செலவு பண்ண வேணாம்.

எம் பிளஸ் எஸ்ன்றது சேறு, பனி ரெண்டுக்கும் ஆவும்னு (மட் அண்ட் ஸ்னோ) கம்பெனிக்காரன் தானே குத்திக்கிற முத்திரை, அதுக்குன்னு பரீட்சை கிடையாது. மலை படம் வேணும்னா பனில ஓட்டி, அதுக்குன்னு வெச்சிருக்கிற ஒரு அளவு டயரோட பக்கத்துல வெச்சு, அத விட பிடிப்பு அதிகம்னு காட்டணும். 2017 முடியறதுக்குள்ள தயாரான எம் பிளஸ் எஸ் டயருக்கு மட்டும் ஜெர்மனில 2024 செப்டம்பர் 30 வரைக்கும் சலுகை விட்டிருந்தாங்க. அந்த கெடு முடிஞ்சி ஒரு வாரம்தான் ஆவுது, அதான் கூட வேலை செய்றவங்க நச்சரிக்கிறாங்க.

நா ராணிப்பேட்டைல தோல் கெமிக்கல் லைன்ல இருந்தவன். வேலையா ஸ்டுட்கார்ட் பக்கம் சில வருஷம் குப்பை கொட்டிட்டு இப்ப சத்துவாச்சாரில ஒக்காந்துகினு இருக்கேன். உல்ம் தெரிஞ்ச ஊர்தான். டயர் சைட போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, பாத்து சொல்றேன். நாலு இலக்க நம்பர் ஒண்ணு டாட் (DOT)னு ஆரம்பிக்கிற வரிசை கடைசில இருக்கும், அதையும் எடுக்க சொல்லு.

9 அக்டோபர், காலைல

பனியே விழலன்னா சாதா டயர்லயே ஓட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. சட்டப்படி ஓட்டலாம். ஜெர்மனில தேதி கணக்கு இல்ல. ரோட்ல பனி, பனிச்சகதி, ஐஸ், உறைபனி இருந்தா அந்த டயர் இல்லாம வண்டி எடுக்கக் கூடாது, அவ்ளோதான். எடுத்து போலீஸ் கிட்ட மாட்டினா 60 யூரோ ஃபைன், லைசென்ஸ் கணக்குல ஒரு பாயின்ட். உன்னால டிராஃபிக் நின்னா 80. மோதிட்டா 120. ஃபைன விட பெரிய தலைவலி இன்சூரன்ஸ், உன் அலட்சியம்தான்னு சொல்லி சொந்த வண்டிக்கு வர்ற பணத்துல கை வெச்சிடுவான்.

ஆனா காலைல ஷிஃப்டுக்கு கெளம்பறப்போ ரோடு எப்படி இருக்கும்னு மொத நாள் ராத்திரி யாருக்கு தெரியும். அதனால அங்க எல்லாரும் அக்டோபர்லருந்து ஈஸ்டர் வரைக்கும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, பனி விழுதோ இல்லையோ மாட்டிடுவாங்க.

பனி இல்லாத நாள்லயும் ஏன் வேணும்ன்றதுதான் நம்மூர்க்காரங்களுக்கு புரியாது, எனக்கும் போன புதுசுல புரியல. மார்கழி விடியக்காலைல தேங்கா எண்ணெ பாட்டில்ல உறைஞ்சி நிக்குது, மதியானம் அதுவே தண்ணியா ஓடுது இல்ல? டயர் ரப்பரும் அந்த ஜாதிதான், கண்ணுக்கு தெரியாது, அவ்ளோதான் வித்தியாசம். சாதா டயர் ரப்பர் சூட்டுக்குன்னு கலந்தது. குளிர் ஏற ஏற வெறைச்சிக்கும், தார் ரோட்டு மேல இருக்கிற சின்ன சின்ன மேடு பள்ளத்துல எறங்கி ஒக்காராது. வின்டர் டயர்ல இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலா போட்டு குளிர்லயும் நெளியற மாதிரி கலப்பாங்க. பட்டன் மேல மயிரிழை அகலத்துக்கு நெறைய வெட்டு இருக்கும், பிரேக் புடிச்சா ஒவ்வொரு வெட்டும் வாய தொறந்து அதோட ஓரத்தால ரோட்ட புடிக்கும். பெரிய பள்ளத்துல பனி போய் அடைச்சிகினாலும் நல்லதுதான், ரப்பர் பனிய புடிக்கறத விட பனி பனிய நல்லா புடிக்கும்.

10 அக்டோபர்

காட்பாடில காலேஜ் படிக்கற புள்ள ஒண்ணு கேக்குது, 7 டிகிரிக்கு கீழ போனா சாதா டயர் வேலைக்காவாதுன்னு எல்லா எடத்துலயும் எழுதியிருக்கே, அந்த 7 எங்கருந்து வந்துச்சுன்னு.

நல்ல கேள்வி. அது ஞாபகத்துக்கு வெச்சிக்க ஒரு நம்பர், 8ல புடிச்சி 6ல வழுக்கும்னு நெனைக்காதீங்க. காஞ்ச ரோடா இருந்தா 5 டிகிரிலயும் நல்ல சாதா டயர் வின்டர் டயர விட சீக்கிரம் நிக்குது, டெஸ்ட் பண்ணி பாத்தவங்களே அப்படித்தான் சொல்றாங்க. ஈரம், உறைபனி, பனி வந்தாத்தான் கணக்கு தலைகீழா மாறும், அதுவும் பனின்னா கொஞ்சம் நஞ்சம் இல்ல, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நேத்து ரப்பர் வெறைச்சிக்கும்னு சொன்னேன் இல்ல, அது உண்மைதான், ஆனா அதுவே முழுக்கதை இல்ல. வெட்டும் பள்ளமும் பாதி வேலை செய்யுது.

இதுல நம்ம வேலூருக்கு ஒண்ணும் கவலை இல்ல. டிசம்பர் விடியக்காலைல 16, 17 டிகிரிக்கே மங்கி குல்லா போட்டுகினு டீக்கடைக்கு வர்ற ஊரு இது.

12 அக்டோபர்

போட்டோ வந்துச்சு. மலை படம் இல்ல. எம் பிளஸ் எஸ் மட்டும்தான். நாலு இலக்கம் 2317, அப்படின்னா 2017ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. அதாவது சலுகைல இருந்த டயர், போன மாசம் வரைக்கும் செல்லுபடி, இப்ப காலாவதி. தம்பிக்கு வித்தவனுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கும், செப்டம்பர்ல தள்ளி வுட்டுட்டான். போவட்டும்.

பட்டன் புதுசாட்டம் இருக்குன்றீங்க, சரி, ஆழம் இருக்கு. வயசு ஏழு. ரப்பர் சும்மா கெடந்தாலும் வயசாவும், உள்ள இருக்கிற எண்ணெ பசை போயி வெறைச்சிக்கும். போட்டோவ பெருசு பண்ணி பாருங்க, பட்டனுக்கு அடில பள்ளத்துல மெல்லிசா வெடிப்பு ஓடுது. தோல் லைன்ல இருந்தவனுக்கு வெடிப்பு மட்டும் மொதல்ல கண்ணுல படும், எண்ணெ பத்தாத தோல மடிச்சி பாத்து பாத்து பழகின கண்ணு.

ஆக, வாங்கத்தான் வேணும். இத கழட்டி கோடைக்கு போடலாம்னு கூட ஆசைப்படாதீங்க. இந்த வின்டருக்கு நாலு வின்டர், அடுத்த ஏப்ரல்ல நாலு சாதா, செலவு ரெண்டா பிரிஞ்சிடும்.

12 அக்டோபர், ராத்திரி

ரெண்டு செட்டுன்னா ரெட்டிப்பு செலவுன்னு கணக்கு போடறாரு ஒருத்தர். டயர் தேயறது ஓடற கிலோமீட்டருக்குத்தான். ஒரு செட்டு ஓடறப்போ இன்னொரு செட்டு தூங்குது. கூடுதலா ஆவறது இன்னொரு ரிம் செட்டு, வருஷத்துக்கு ரெண்டு தபா மாத்தற கூலி, வெக்கற எடத்துக்கு வாடகை. கொஞ்சமா ஓட்டறவங்களுக்குத்தான் இந்த கணக்கு இடிக்கும், தேயறதுக்கு முன்னாடி வயசாயிடும்.

16 அக்டோபர்

எந்த டயர் வாங்கலாம். ஆளாளுக்கு ஒரு கம்பெனி பேரு சொல்லிகினு இருக்கீங்க, நா பேரு சொல்லல, மொதல்ல சைஸ பாருங்க. தம்பி வண்டில 205/55 ஆர்16 91. அகலம் 205 மிமீ, சைடு ஒசரம் அதுல 55 சதவீதம், ரிம் 16 இன்ச், 91ன்றது ஒரு டயர் தாங்கற எடை குறியீடு, 615 கிலோ. 91க்கு கீழ போகக் கூடாது, மேல போலாம். அதுக்கு அப்பறம் ஒரு எழுத்து வரும், டின்னா 190 கிமீ வேகம், ஹெச்னா 210, வின்னா 240. வின்டர் டயருக்கு மட்டும் வண்டியோட உச்ச வேகத்த விட கம்மியான எழுத்து வாங்க ஜெர்மனில அனுமதி உண்டு, ஆனா இந்த வேகத்த தாண்டாதேன்னு டிரைவர் கண்ணு படற எடத்துல ஸ்டிக்கர் ஒட்டணும். கடைக்காரனே ஒட்டி குடுத்துடுவான்.

அகல டயர் பாக்க நல்லா இருக்கும்னு 225க்கு போவாதீங்க. பனில அகலம் கம்மியா இருந்தா கீழ அழுந்தி எறங்கும், அகலமா இருந்தா மேலயே மெதக்கும். வண்டி பேப்பர்ல எந்தெந்த சைஸ் போடலாம்னு இருக்கும், அதுல ஒல்லியா எது இருக்கோ அத எடுக்கறவங்கதான் அங்க வெவரமானவங்க.

வருஷம் முழுக்க ஓடற ஆல் சீசன் டயர் வாங்கிட்டா மாத்தற வேலையே இல்லையேன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. ஹாம்பர்க் மாதிரி சமவெளில, ஊருக்குள்ளயே ஓட்டறவனா இருந்தா நானே அதான் சொல்லுவேன், மலை படம் போட்டதா பாத்து எடுத்தா சட்டப்படியும் தப்பில்ல. உல்ம் வேற. ஊர விட்டு ஸ்டுட்கார்ட் பக்கம் கெளம்பினா ஸ்வேபியன் ஆல்ப் மலை மேல ஏறி எறங்கணும், ஏ8 ரோடு டிராக்கென்ஸ்டைன் சரிவுல வர்றப்போ கீழ மழையா இருக்கும் மேல பனியா இருக்கும். அந்த சரிவுல லாரி சாண் ஏறி முழம் சறுக்கறத பாத்தவன் நானு. அதுவும் இல்லாம தம்பி லீவுக்கு ஆஸ்திரியா பக்கம் போவாம இருக்க மாட்டான், அங்க நவம்பர் 1லருந்து ஏப்ரல் 15 வரைக்கும் கண்டிஷன் இன்னும் கெடுபிடி, பட்டன் ஆழம் 4 மிமீக்கு கீழ போனா அத வின்டர் டயர்னே ஒத்துக்க மாட்டான். ஜெர்மனில சட்டம் 1.6தான், ஆனா 4க்கு கீழ போனா அங்கயும் வெவரம் தெரிஞ்சவங்க மாத்திடறாங்க. அளக்க ஸ்கேல் வேணாம், ரெண்டு யூரோ காச பள்ளத்துல நிறுத்தினா வெளி வெள்ளி வளையம் முழுசா முழுகணும், அது 4 மிமீ.

முழு வின்டர் செட்டே எடுக்க சொல்லுங்க.

16 அக்டோபர், அப்பறமா

சொல்ல மறந்தது, ரெண்டு மட்டும் வாங்கி இன்ஜின் பக்கம் முன்னாடி போட்டா போதுமான்னு கேக்காதீங்க. முன்னாடி புடிக்கும் பின்னாடி வழுக்கும், வளைவுல வண்டி பம்பரமா சுத்தும். நாலும்தான்.

17 அக்டோபர்

ஃபின்லாந்துக்காரன்தான் மொதல்ல வின்டர் டயர் செஞ்சான்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, உண்மைதான். இப்ப நோக்கியன்னு சொல்ற கம்பெனி 1934ல லாரிக்கு செஞ்சாங்க, 1936ல காருக்கு ஹக்காபெலிட்டான்னு ஒண்ணு, அந்த பேரு இன்னும் ஓடிகினு இருக்கு.

நம்ம பக்கத்துக்கும் இதுல ஒரு தொடுப்பு உண்டு. அரக்கோணம் இச்சிப்புத்தூர்ல எம்ஆர்எஃப் ஆலை, அது பழைய வட ஆற்காடு. வாலாஜா டோல தாண்டி சென்னை ரோட்ல போய் உள்ள திரும்பினா ஒரகடத்துல அப்போலோ. அந்த அப்போலோதான் 2009ல ஹாலந்துல வின்டர் டயருக்கு பேர் போன வ்ரெடெஸ்டெய்ன் கம்பெனிய வாங்கினது. 42 டிகிரி வெயில்ல வேர்த்து வடிஞ்சிகினு இருக்கிற ஊருக்காரங்க கைல பனி டயர் கம்பெனி. தம்பி அங்க கடைல அந்த பேர பாத்தா எங்க ஊரு சரக்குன்னு சொல்லிக்கலாம், பாதி உண்மை.

31 அக்டோபர், தீபாவளி

பட்டாசு சத்தத்துக்கு நடுவுல தம்பி நேரா எனக்கே மெசேஜ் போட்டுட்டான். டயர் வாங்கிட்டானாம், பழைய இரும்பு ரிம் நாலு இன்னொருத்தர் கிட்ட வாங்கிகினானாம், தானே மாட்டறானாம். அலாய் ரிம்ம குளிருக்கு கழட்டி வெச்சது நல்லது. அங்க ரோட்ல உப்பு வாரி கொட்டுவாங்க, அலாய்ல ஒரு கீறல் இருந்தா போதும், உள்ள பூந்து பொரிய ஆரம்பிச்சிடும். இரும்பு ரிம் துரு புடிச்சா பெயின்ட் அடிச்சிக்கலாம்.

தம்பிக்கு சொன்னது இங்கயும் போடறேன்.

நம்மூர் மாருதி மாதிரி போல்ட் வண்டிலயே நட்டுகினு இருந்து நட்டு மாட்டற வேலை இல்ல இது. கோல்ஃப்ல வண்டி பக்கம் வெறும் ஓட்டைதான், போல்ட்ட வெளியிலருந்து விட்டு முறுக்கணும். அதனால வீல தூக்கி நிறுத்தி ஓட்டைக்கு ஓட்டை நேர் பாக்கறதுக்குள்ள இடுப்பு கழண்டுடும். தரைல ஒக்காந்துகினு ஷூ மொனைய டயருக்கு அடில குடுத்து லேசா தூக்கினா வீல் தானா ஏறி நிக்கும், மேல் ஓட்டைல மொதல் போல்ட்ட கையாலயே நாலு சுத்து, அது புடிச்சிகினா மீதி நாலும் சுலபம். முழுசா முறுக்கறது நட்சத்திரம் போடற வரிசைல, எதிர் எதிரா. கடைசி முறுக்கு வண்டிய தரைல எறக்கின அப்பறம் முறுக்கு அளவு காட்டற டார்க் ரெஞ்ச் வெச்சி, கோல்ஃபுக்கு 120 நியூட்டன் மீட்டர். பைப்ப சொருகி மேல ஏறி நின்னு முறுக்கற நம்ம பஞ்சர் கடை வேலை அங்க வேணாம். 50லருந்து 100 கிமீ ஓட்டின அப்பறம் ஒரு தபா திரும்ப சரி பாக்கணும்.

ரிம் மாறினா போல்ட்டும் பொருந்துதான்னு பாக்கணும். சிலது தலைக்கு கீழ உருண்டையா இருக்கும், சிலது கூம்பா இருக்கும். தப்பான ஜோடி போட்டா முறுக்கின மாதிரியே இருக்கும், ஓடறப்போ தளரும்.

டயர் சைடுல அம்புக்குறி இருந்தா உருள்ற பக்கம் அது. இடது வலது மாறி மாட்டிட்டா தண்ணி வெளிய போவாம உள்ள இழுக்கும். காத்து அளவு சென்சார் பத்தி கேட்டான், 2014 நவம்பருக்கு அப்பறம் ஐரோப்பால வித்த புது கார் எல்லாத்துலயும் அது கட்டாயம். சில வண்டில ஒவ்வொரு வீல் உள்ளயும் தனியா சென்சார் இருக்கும், அப்ப வின்டர் ரிம்முக்கும் நாலு வாங்கணும், அது தனி செலவு. கோல்ஃப்ல ஏபிஎஸ் பிரேக் எண்ணற வீல் சுத்து கணக்க வெச்சே பாக்குது, காத்து சரியா அடிச்சிட்டு செட் பண்ணிட்டா போதும்.

தித்திப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா கேட்டான் பாவம். போட்டோதான் அனுப்ப முடிஞ்சது.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நம்மள உரசிட்டு திருவண்ணாமலை, ஊத்தங்கரை பக்கம் கொட்டி தீத்துடுச்சு. இந்த மழைல ஹைவேல வண்டி தண்ணி மேல மெதந்துடுச்சுன்னு ஆம்பூர்க்காரர் ஒருத்தர் எழுதிட்டு, வின்டர் டயருக்கு பள்ளம் அதிகமாச்சே, நம்மூர் மழைக்கு அத வாங்கி போடலாமான்னு கேட்டிருக்காரு.

வேணாம். மழைல மெதக்கறதுக்கு காரணம் மொட்டை டயர், இல்லன்னா வேகம், பெரும்பாலும் ரெண்டும். 3 மிமீக்கு கீழ போன டயர மாத்தி, தண்ணி தேங்கின எடத்துல 60, 70க்கு எறங்கினா நம்மூர் டயரே போதும். வின்டர் டயர் மழை பெய்யற அந்த சில நாளுக்கு புடிச்சாலும் மீதி நாளெல்லாம் வெயில்ல ஓடணும். மே மாசம் கத்திரில பள்ளிகொண்டா டோல் கிட்ட தார் ரோட்ல செருப்பில்லாம நின்னு பாருங்க. அந்த சூட்டுல குளிருக்கு கலந்த ரப்பர் கொழகொழன்னு ஆயிடும், பட்டன் ஒவ்வொண்ணும் தனியா ஆடும், பிரேக் அடிச்சா நிக்கற தூரம் நீளும், ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவுல ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேக்காது. தேய்மானமும் தாங்காது.

4 டிசம்பர்

தேஞ்ச டயர முன்னாடி போடணுமா பின்னாடி போடணுமான்னு அதே ஆம்பூர்க்காரர். நல்ல ஜோடி பின்னாடி. முன்னாடி வழுக்கினா வண்டி நேரா ஓடும், கால எடுத்தா திரும்ப கைக்கு வந்துடும். பின்னாடி வழுக்கினா பிள்ளையார்தான் காப்பாத்தணும். இது வின்டர் டயருக்கு மட்டும் இல்ல, ஆம்பூர் மழைக்கும் சேத்துதான்.

11 ஜனவரி 2025

பொங்கல் லீவுக்கு வேலூர்லருந்து சொந்த கார்லயே மணாலி போறாங்களாம், வின்டர் டயர் இங்க எங்க கெடைக்கும்னு கேக்கறாங்க. தம்பிங்களா, போற வழி ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல, அதுல பனி கடைசி கொஞ்சம்தான். மீதி தூரமெல்லாம் வெறும் தார்ல டயர் வீணா தேயும். மணாலில வண்டிய நிறுத்திட்டு மேல போறதுக்கு உள்ளூர் வண்டி புடிங்க, அவன் பனில பொறந்து வளந்தவன்.

இதுக்கு கம்மவான்பேட்டைல ஒரு பெரியவர் சொன்னது நல்லா இருந்துச்சு. ஊரே மிலிட்டரி ஊரு, இவரும் லடாக்ல ஆர்மி டிரக் ஓட்டினவரு. அங்க டயர நம்ப மாட்டாங்களாம், சங்கிலிதான். எந்த சக்கரத்துக்கு இன்ஜின் சுத்து போவுதோ அதுல கட்டணும், முன் வீல் டிரைவ் கார்ல போய் பின்னாடி கட்டிட்டு ஏற மாட்டேங்குதேன்னு நிக்கறவங்க உண்டாம். கட்டினா ஆமை வேகம், பனி தீந்த எடத்துல ஒடனே கழட்டணும், வெறும் தார்ல ஓட்டினா சங்கிலியும் போச்சு டயரும் போச்சு. ஜெர்மனிலயும் சங்கிலி போட்டா 50 கிமீக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம். ஆணி அடிச்ச டயர் ஸ்வீடன், ஃபின்லாந்துல ஓடும், ஜெர்மனில தடை, ரோட்ட உழுதுடும்னு.

26 ஜனவரி

தம்பி கிட்டருந்து ஆடியோ. விடியக்காலைல பாலத்து மேல பிரேக் தொட்டானாம், ஏபிஎஸ் கடகடன்னு கால்ல ஒதைச்சதாம், வண்டி நேராவே போய் நின்னுச்சாம், உசுரு போய் உசுரு வந்துச்சுன்றான். பாலம் தான் மொதல்ல உறையும், கீழ மண்ணு சூடு கிடையாது, ரெண்டு பக்கமும் காத்து. கண்ணுக்கு வெறும் ஈரமாட்டம் கருப்பா தெரியும், அது ஐஸு.

அவனுக்கு சொன்னது இங்கயும். வின்டர் டயர் வழுக்காத டயர் இல்ல, சுத்தமான ஐஸ் மேல அதுவும் வழுக்கும், சாதா டயர விட கம்மியா. முன்னாடி வண்டிக்கும் உனக்கும் நடுவுல மூணு மடங்கு எடம் விடு. ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல மெதுவா எடு. வெளில மைனஸ் 10னா காத்து அளவ பாரு, 10 டிகிரி எறங்கினா சுமார் 0.1 பார் கொறையும், நம்ம கணக்குல ஒன்றரை பிஎஸ்ஐ. கொடௌன் சூட்டுல அடிச்ச காத்து வெளில வந்தா பத்தாது.

25 ஏப்ரல்

ஈஸ்டர் முடிஞ்சி கழட்டிட்டான். இப்ப அடுத்த கேள்வி, எங்க வெக்கறது, எப்படி வெக்கறது. அங்க டயர் கடைக்காரனே வாடகைக்கு வெச்சிக்குவான், டயர் ஹோட்டல்னே பேரு, மனுசனுக்கு ரூம் கெடைக்காத ஊர்ல டயருக்கு ஹோட்டல். தம்பி அடுக்குமாடில அவனுக்குன்னு நிலவறைல ஒரு கூண்டு குடுத்திருக்காங்க, அதுவே போதும்.

கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் சாக்பீஸால எழுதணும், முன் இடது, பின் வலதுன்னு. கழட்டி வரிசையா வெச்சிட்டா பிரம்மாவே வந்தாலும் எது எதுன்னு சொல்ல முடியாது. உப்பு போக கழுவி, பள்ளத்துல மாட்டின கல்ல ஸ்க்ரூ டிரைவரால எடுத்துட்டு, நல்லா காய வெச்சி வெக்கணும். ரிம்மோட இருந்தா படுக்க வெச்சி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம், சொவத்துல கொக்கி போட்டு மாட்டலாம். நிக்க வெக்காதீங்க. ரிம் இல்லாத வெறும் டயர்னா அப்படியே தலைகீழ், நிக்க வெச்சி மாசத்துக்கு ஒரு தபா கொஞ்சம் உருட்டி விடணும், அடுக்கினா கீழ இருக்கிறது நசுங்கும். ரிம்மோட வெக்கறப்போ காத்த எறக்க வேணாம்.

2 மே

கத்திரி ஆரம்பிக்க ரெண்டு நாள் இருக்கு, இங்க இப்பவே மொட்டை மாடில நிக்க முடியல. அதே மொட்டை மாடிலதான் எங்க தெருவுல ஒருத்தர் புது டயர் ரெண்ட தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காரு, ஆஃபர்ல வாங்கினாராம், அடுத்த வருஷம் போடுவாராம். ஜெர்மனிக்கு சொன்னது இங்கயும் அப்படியே பொருந்தும், வெளிச்சம் படாத, குளுமையான, காஞ்ச எடம். வேலூர்ல குளுமைக்கு எங்க போறதுன்னா மாடிப்படிக்கு அடில, வடக்கு பாத்த ரூம்ல. மொட்டை மாடிலயும் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்லயும் வேணாம்.

எல்லாரும் தப்பா வெக்கற எடம் போர் மோட்டர் ரூம். மோட்டர், வெல்டிங் செட்டு, ஜெனரேட்டர், இதெல்லாம் தீப்பொறி வுட வுட ஓசோன் கெளம்பும், அது ரப்பர மெதுவா கடிச்சி வெடிக்க வெக்கும். டீசல் கேன், தின்னர், கிரீஸ் பக்கத்துலயும் ஆவாது. டயர் கடைல பளபளன்னு தடவி குடுக்கற பாலிஷ் போட்டுட்டு வெச்சா நல்லதான்னு கேட்டிருக்கீங்க, தண்ணில கழுவி வெச்சா போதும், காசு மிச்சம்.

2 மே, சாயங்காலம்

தம்பி காச பள்ளத்துல நிறுத்தி ஒவ்வொரு டயரா போட்டோ அனுப்பியிருக்கான். வெள்ளி வளையம் முழுகி அதுக்கு மேலயும் மிச்சம் இருக்கு, முன் ரெண்டு பின் ரெண்ட விட கொஞ்சம் தேஞ்சிருக்கு, இன்ஜின் சுத்து முன்னாடிதான போவுது. அக்டோபர்ல மாட்டறப்போ, அம்புக்குறி போட்ட டயர்ன்றதால, இடது பக்கத்துது இடதுலயே, வலது பக்கத்துது வலதுலயே இருக்கட்டும், முன்ன பின்ன மட்டும் மாத்திக்க. தேஞ்சது முன்னாடியே இருந்தாத்தான டிசம்பர் 4ல சொன்னதுக்கு பொருந்தும்னு சொல்லுவீங்க, சரிதான், வித்தியாசம் ஒரு மிமீக்கு மேல போயிட்டா நல்லத பின்னாடியே விடு, தேஞ்சத முன்னாடியே ஓட்டி தீத்துடு. அதுக்கு கம்மின்னா மாத்தி போட்டா நாலும் ஒண்ணா தேயும், ஒண்ணா மாத்தலாம்.

சாதா டயர் நாலு வாங்கினதுல நாலு இலக்கம் 0925ன்னு இருக்காம். இந்த வருஷம் ஒம்போதாவது வாரம். சரக்கு புதுசு, மாட்டிக்க.